அறுவை முடிந்த பிறகு 90 நாள்: எது கட்டணத்தில் சேர்த்தி, எது தனி?

கடந்த வாரம் நமது தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ‘மருத்துவமனைக் கட்டணச்சீட்டைப் படிக்கத் தெரியுமா?’ என்ற தலைப்பை எடுத்துக்கொண்டோம். ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர், காப்புறுதித் துறையில் அனுபவமுள்ள ஓர் அம்மையார், மருத்துவமனைக் கட்டணப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் என மூவர் மேடையில் இருந்தார்கள். நேயர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பல ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வந்தன. “அறுவை சிகிச்சைக்குக் காசு கட்டியாகிவிட்டது. அதன் பிறகு மருத்துவரைப் போய்ப் பார்த்தால் அதற்கும் தனியாகக் கட்ட வேண்டுமா?” நேரம் போதாமல் அந்தக் கேள்வியைப் பாதியில் விட்டோம். மீதியை இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன் என்று அன்று சொல்லியிருந்தேன். சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறேன்.

இந்தத் தலைப்பை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் பெரியம்மா நியூஜெர்சியில் மகன் குடும்பத்தோடு இருக்கிறார். அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர். வயது 70-ஐத் தாண்டிவிட்டதால், முதியவர்களுக்கு அமெரிக்க அரசாங்கம் நடத்தும் மெடிகேர் என்ற காப்புறுதித் திட்டத்தில் இருக்கிறார். அவருக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். ஐந்தாம் வாரம் தையல் போட்ட இடம் சிவந்து, இலேசாக நீர் கசிந்தது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க இன்னும் ஒன்பது நாள் இருந்தது. “முன்கூட்டியே போனால் அதற்கு ஒரு பில் போட்டுவிடுவார்கள், பாவம் பிள்ளைக்குச் செலவு” என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் ஒன்பது நாளும் பொறுத்துக்கொண்டார்.

அதற்குள் கிருமி உள்ளே இறங்கிவிட்டது. மறுபடியும் அறுவைக்கூடம், மறுபடியும் மருத்துவமனைப் படுக்கை. இப்போது தேறிவிட்டார், கைத்தடியோடு நடக்கிறார். ஆனால் பிறகு கட்டணச்சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தபோதுதான் எங்களுக்கு ஒரு விஷயம் புரிந்தது. பெரியம்மா போகப் பயந்தாரே, அந்தச் சந்திப்புக்கு மருத்துவர் கட்டணம் என்று எதுவும் வந்திருக்காது. அதற்கான தொகை அறுவைக் கட்டணத்துக்குள்ளேயே சேர்ந்திருந்தது. அவர் போகாததால் நடந்த இரண்டாவது அறுவைக்குத்தான் தனியாகக் கட்ட வேண்டி வந்தது.

இதற்குப் பின்னால் இருக்கும் விதிக்கு அமெரிக்காவில் ‘குளோபல் பீரியட்’ என்று பெயர். இன்று அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

‘குளோபல்’ என்றால் உலகமா?

இல்லை. இங்கே ‘குளோபல்’ என்றால் ‘மொத்தமாக, எல்லாம் சேர்த்து’ என்று பொருள். தமிழில் சொல்வதென்றால் ‘தொகுப்புக் காலம்’ எனலாம்.

நம் ஊர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். வீவக வீட்டைப் புதுப்பிக்க ஒரு குத்தகையாளரிடம் மொத்தமாக ஒரு விலை பேசுகிறோம். வேலை தொடங்குமுன் வந்து அளவெடுப்பது, வேலை செய்வது, முடிந்த பிறகு குறிப்பிட்ட காலத்துக்குள் கதவு சரியாக மூடவில்லை என்றால் வந்து சரிசெய்வது, எல்லாம் அந்த ஒரே விலைக்குள் அடக்கம். ஒவ்வொரு முறை அவர் வீட்டு வாசலை மிதிப்பதற்கும் தனியாகக் காசு கேட்கமாட்டார். அதே சமயம், “வந்ததுதான் வந்தீர்கள், சமையலறையில் புதிதாக ஓர் அலமாரியும் போட்டுவிடுங்கள்” என்றால் அது வேறு வேலை, வேறு விலை.

அறுவை சிகிச்சைக்கும் மெடிகேர் இதே முறையைத்தான் வைத்திருக்கிறது. அறுவைக்கு முந்திய வழக்கமான பரிசோதனை, அறுவை, அதற்குப் பிந்திய கவனிப்பு மூன்றும் ஒரே தொகுப்பு. மருத்துவருக்கு ஒரே கட்டணம். மெடிகேர் 1992-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி மருத்துவர்களுக்கான புதிய கட்டண அட்டவணையை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, இந்தத் தொகுப்புக்கும் நாடு முழுவதற்கும் ஒரே வரையறையை வகுத்தது. அதற்கு முன்பு வட்டாரத்துக்கு வட்டாரம் கணக்கு மாறியது.

மூன்று வகை

மெடிகேர் அறுவை சிகிச்சைகளை நாள் கணக்கில் மூன்றாகப் பிரிக்கிறது.

முதலாவது, 0 நாள் வகை. குடலுக்குள் கருவி விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி போன்றவை இதில் வரும். அன்றைய வேலை அன்றோடு முடிந்தது. மறுநாள் மருத்துவரைப் பார்த்தால் அது தனிக் கணக்கு.

இரண்டாவது, 10 நாள் வகை. தோலில் உள்ள சிறு கட்டியை வெட்டி எடுப்பது போன்ற சிறிய அறுவைகள். அறுவை நாளும் அடுத்த 10 நாளும் சேர்த்து மொத்தம் 11 நாள்.

மூன்றாவது, 90 நாள் வகை. பெரிய அறுவைகள் எல்லாம் இதில் அடங்கும். முழங்கால் மூட்டு மாற்று, துளைவழிப் பித்தப்பை அகற்றம், கண்புரை அறுவை மூன்றுமே 90 நாள் வகைதான். இதில் அறுவைக்கு முந்திய ஒரு நாள், அறுவை நாள், அதற்குப் பிந்திய 90 நாள் எனக் கூட்டினால் 92 நாள் வரும்.

நாளை எப்படி எண்ணுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஓர் உதாரணம். மார்ச் 3-ஆம் தேதி அறுவை என்று வைத்துக்கொள்வோம். தொகுப்பு மார்ச் 2-ஆம் தேதியே தொடங்கிவிடும். 90 நாளை மார்ச் 4-ஆம் தேதியிலிருந்து எண்ண வேண்டும். மார்ச் மாதத்தில் 28 நாள், ஏப்ரலில் 30, மே மாதத்தில் 31, ஆகமொத்தம் 89. ஆக, 90-ஆவது நாள் ஜூன் 1. ஜூன் 2-ஆம் தேதி அதே மருத்துவரைப் பார்த்தால் வழக்கமான கட்டணம்.

தொகுப்புக்குள் என்னென்ன?

அறுவை செய்வது என்று முடிவான பிறகு, முதல்நாளும் அன்றும் நடக்கும் வழக்கமான பரிசோதனைகள். அறுவையின்போது செய்யும் வழக்கமான வேலைகள். அறுவைக்குப் பிறகு மருத்துவமனைப் படுக்கையருகே வந்து பார்ப்பது. வீடு திரும்பிய பிறகு மருந்தகத்தில் பார்ப்பது. அறுவை மருத்துவரே செய்யும் வலி நிவாரணக் கவனிப்பு. கட்டு மாற்றுவது, காயத்தைச் சுத்தம் செய்வது, தையலையும் கிளிப்பையும் பிரிப்பது, வடிகுழாய், சிறுநீர்க் குழாய் போன்றவற்றை எடுப்பது. இவையெல்லாம் சேர்த்தி.

இவற்றைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அறுவையால் ஏதேனும் சிக்கல் வந்து, அதை மறுபடி அறுவைக்கூடத்துக்குக் கொண்டுபோகாமலே சரிசெய்ய முடிந்தால், அந்தக் கவனிப்பும் மெடிகேர் கணக்கில் தொகுப்புக்குள்தான். புண் சிவந்திருக்கிறது, நீர் கசிகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்று அறுவை செய்த மருத்துவரிடம் போனால், அவர் பார்ப்பதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. பெரியம்மாவின் மருத்துவர் தமது சொந்த மருந்தகத்தில் நோயாளிகளைப் பார்ப்பவர். போயிருந்தால் மருந்துக்கும் ஆய்வுக்கூடப் பரிசோதனைக்கும் மட்டுமே செலவாகியிருக்கும்.

மருத்துவர் ஒரு குழுவில் வேலை பார்த்தால், அதே குழுவில் அதே துறையைச் சேர்ந்த இன்னொரு மருத்துவரையும் மெடிகேர் அதே ஆளாகத்தான் கணக்கிடும். “என் டாக்டர் விடுமுறையில் இருக்கிறார், அவருடைய கூட்டாளி பார்த்தார்” என்றால் அதற்குத் தனிச்சீட்டு வரக்கூடாது.

தொகுப்புக்கு வெளியே என்னென்ன?

இந்தப் பட்டியலையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் இலவசம் என்று நினைத்து ஏமாந்துவிடுவோம்.

மருத்துவமனைக் கட்டணம் முற்றிலும் வேறு. தொகுப்பு என்பது அறுவை மருத்துவரின் கட்டணத்துக்கு மட்டுமே. படுக்கை, அறுவைக்கூடம், தாதியர் ஆகியவற்றுக்கான தொகையை மருத்துவமனை தனியாகக் கேட்கும். மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவருக்கும் தனிக் கட்டணம். மருந்தகத்தை மருத்துவமனையே நடத்தினால், மருத்துவருக்குக் கட்டணம் இல்லாத சந்திப்புக்கும் இடத்துக்கான கட்டணம் ஒன்று வரலாம்.

எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை போன்றவை தனி. பெரிய அறுவை தேவையா என்று முடிவெடுத்த முதல் ஆலோசனை தனி. அறுவைக்குச் சம்பந்தமில்லாத நோய்க்காக அதே மருத்துவரைப் பார்த்தாலும் தனி. வேறு துறை மருத்துவர்கள் பார்த்தால் அவர்களுக்குத் தனிக் கட்டணம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அதே காயம், அதே சிவப்பு. அறுவை செய்த மருத்துவரின் மருந்தகத்துக்குப் போனால் அவர் பார்ப்பதற்குக் கட்டணமில்லை. பயந்துபோய் நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனால், அங்கே பார்ப்பவர் வேறு மருத்துவர். அவருக்கும் மருத்துவமனைக்கும் கட்டணம் உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். ஆனால் பகல் நேரத்தில், சந்தேகம் வந்த முதல் நாளே, அறுவை மருத்துவரின் மருந்தகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டால் உடம்புக்கும் நல்லது, பைக்கும் நல்லது.

மறுபடியும் அறுவைக்கூடம் போனால்?

சிக்கலைச் சரிசெய்ய மறுபடியும் அறுவைக்கூடத்துக்குப் போக நேர்ந்தால் தனிக் கட்டணம் உண்டு. ஆனால் முழுக் கட்டணம் அல்ல. முன்னும் பின்னும் பார்ப்பதற்கான தொகை முதல் அறுவையிலேயே கொடுத்தாகிவிட்டது என்பதால், இரண்டாவது முறைக்கு அறுவை செய்த பகுதிக்கு மட்டுமே மெடிகேர் பணம் கொடுக்கும். 90 நாள் கணக்கும் புதிதாகத் தொடங்காது. முதல் அறுவையின் தேதியிலிருந்தே அது ஓடிக்கொண்டிருக்கும்.

இதைத் தெரிவிக்க, கட்டணச்சீட்டில் அறுவைக்கான எண்ணோடு 78 என்ற குறியைச் சேர்ப்பார்கள். இப்படி இரண்டு இலக்கக் குறிகள் பல உண்டு. அறுவைக்குச் சம்பந்தமில்லாத சந்திப்பு என்றால் 24. பெரிய அறுவைக்கு முடிவெடுத்த ஆலோசனை அறுவைக்கு முதல்நாளோ அன்றோ நடந்திருந்தால் 57. முதலிலேயே திட்டமிட்டபடி இரண்டாம் கட்ட அறுவை என்றால் 58. முதல் அறுவைக்குத் தொடர்பில்லாத வேறோர் அறுவை என்றால் 79. 58, 79 இரண்டிலும் புதிய தொகுப்புக் காலம் தொடங்கும்.

கண்புரை அறுவையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் இடது கண், பிப்ரவரியில் வலது கண். இடது கண்ணின் 90 நாள் இன்னும் முடியவில்லை. வலது கண்ணுக்கு 79 குறியைப் போட மறந்துவிட்டால், “இது முதல் தொகுப்புக்குள் அடக்கம்” என்று காப்புறுதி அந்தச் சீட்டை மறுத்துவிடக்கூடும். வேலை சரியாக நடந்திருந்தாலும், ஒரு சிறு எண் விட்டுப்போனதால் சீட்டு திரும்பி வரும். நோயாளிக்குக் கடிதம் வரும்போது அவர் பதறிப்போகிறார். உண்மையில் அது எழுத்து வேலையில் நேர்ந்த பிழை.

இந்தக் குறிகளைச் சரியாகப் போடுவதையே தொழிலாகச் செய்கிறவர்கள் உண்டு. அமெரிக்க மருத்துவர்களின் கட்டணச்சீட்டு வேலை ஏராளமாகச் சென்னை போன்ற நகரங்களில் நடக்கிறது. அறிவியல் பட்டம் பெற்ற பல தமிழ் இளையர்கள் அங்கே ‘மெடிக்கல் கோடிங்’ படித்துவிட்டு இந்த வேலையில் இருக்கிறார்கள். 24-க்கும் 79-க்கும் வித்தியாசம் என்ன என்பது அவர்களுக்கு மனப்பாடம். நம் உறவினர்களில் யாரேனும் அந்த வேலையில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

ஒருவர் வெட்ட, இன்னொருவர் பார்த்தால்?

ஒரு நகரத்தில் அறுவை செய்துகொண்டு, சொந்த ஊரில் வேறொருவரிடம் தொடர்ந்து பார்த்துக்கொள்கிறவர்கள் உண்டு. அப்போது ஒரே தொகுப்புக் கட்டணத்தை இருவர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அறுவை செய்தவர் 54 என்ற குறியையும், பிறகு கவனிப்பவர் 55 என்ற குறியையும் போடுவார்கள்.

கண்புரை அறுவையில் மெடிகேர் வகுத்திருக்கும் பங்கு இது: அறுவைக்கு முன் 10 விழுக்காடு, அறுவைக்கு 70 விழுக்காடு, பிந்திய கவனிப்புக்கு 20 விழுக்காடு. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று மொத்தக் கட்டணம் 1,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், பிந்திய கவனிப்புக்கு மட்டும் 200 டாலர். 90 நாளையும் வேறொரு மருத்துவர் பார்த்தால் அந்த 200 அவருக்குப் போகும். பாதி நாள் மட்டும் பார்த்தால் பாதி.

2025-ஆம் ஆண்டு ஜனவரி முதல் மெடிகேர் இதில் ஒரு மாற்றம் செய்திருக்கிறது. முன்பு இரு மருத்துவர்களுக்கும் இடையே எழுத்துபூர்வமான ஒப்படைப்பு இருந்தால்தான் 54 குறி தேவைப்பட்டது. இப்போது, எழுத்தில் இல்லாவிட்டாலும், “நான் அறுவை மட்டும்தான் செய்யப்போகிறேன், பிந்திய கவனிப்பு என்னிடம் இல்லை” என்று மருத்துவர் எதிர்பார்க்கும் 90 நாள் அறுவைகளுக்கெல்லாம் அந்தக் குறியைப் போட வேண்டும்.

பத்து ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் வாதம்

இந்த முறை நியாயமானதா என்ற கேள்வியும் இருக்கிறது. ஓர் அறுவைக்குப் பிறகு இத்தனை முறை மருத்துவர் நோயாளியைப் பார்ப்பார் என்று ஒரு கணக்குப் போட்டுத்தான் தொகுப்புக் கட்டணத்தை நிர்ணயிக்கிறார்கள். உண்மையில் அத்தனை முறை பார்க்கிறார்களா?

இந்தச் சந்தேகத்தில், 10 நாள், 90 நாள் தொகுப்புகளை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் 0 நாள் வகையாக மாற்றப்போவதாக 2014-ஆம் ஆண்டு மெடிகேர் அறிவித்தது. 2017-இலும் 2018-இலும் அது நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். அறுவை மருத்துவர் சங்கங்கள் எதிர்த்தன. 2015-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமியற்றி அதைத் தடுத்தது. “மாற்றாதீர்கள், முதலில் தகவல் சேகரியுங்கள்” என்று சொன்னது.

அதன்படி 2017 ஜூலை முதல் ஒன்பது மாநிலங்களில் பெரிய மருத்துவக் குழுக்கள், கட்டணம் இல்லாத பிந்திய சந்திப்புகளையும் 99024 என்ற எண்ணில் பதிவு செய்யத் தொடங்கின. அந்த ஒன்பதில் நியூஜெர்சியும் ஒன்று. அந்தத் தகவல்களை ராண்ட் ஆய்வு நிறுவனம் அலசிப் பார்த்தது. 10 நாள் வகையில், எதிர்பார்த்த சந்திப்புகளில் ஏறத்தாழ 4 விழுக்காடுதான் பதிவாகியிருந்தது. 90 நாள் வகையில் ஏறத்தாழ 39 விழுக்காடு.

“நடந்த சந்திப்புகளை எல்லாரும் ஒழுங்காகப் பதிவு செய்யவில்லை” என்பது மருத்துவர்கள் தரப்பு வாதம். “நடக்காத சந்திப்புகளுக்கும் நாம் பணம் கொடுக்கிறோம்” என்பது மறுதரப்பு வாதம். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம்.

தொகுப்பை எடுத்துவிட்டால் நோயாளிக்கு என்ன ஆகும் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும். மெடிகேரின் நேரடித் திட்டத்தில், ஆண்டுக் கழிவுத்தொகை போக, மருத்துவர் கட்டணத்தில் 20 விழுக்காட்டை நோயாளி ஏற்க வேண்டும். தொகுப்பு இருக்கும்வரை அந்த 20 விழுக்காடு ஒரே தடவைதான். தொகுப்பு இல்லையென்றால் ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு 20 விழுக்காடு வரும். அப்போது பெரியம்மாவைப் போல் எத்தனை பேர் “இன்னும் ஒன்பது நாள்தானே” என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார்கள்? அறுவை மருத்துவர் சங்கங்கள் முன்வைத்த வாதங்களில் இதுவும் ஒன்று.

இன்னொரு எச்சரிக்கை. அமெரிக்காவில் உள்ள தனியார் காப்புறுதி நிறுவனங்கள் எல்லாம் மெடிகேர் விதியை அப்படியே பின்பற்றுவதில்லை. குறிப்பாக, சிக்கலுக்கான கவனிப்பைத் தொகுப்புக்கு வெளியே வைக்கும் நிறுவனங்கள் உண்டு. பிள்ளைகளைப் பார்க்கப் பயணக் காப்புறுதியோடு போகிறவர்களுக்கு மெடிகேர் விதி பொருந்தவே பொருந்தாது. ஒப்பந்தத்தைப் படித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சரி, நமக்கு?

கருத்தரங்கில் ஒரு நேயர் சற்றுக் கோபமாகவே கேட்டார்: “அமெரிக்காக் கதை எல்லாம் எதற்கு? எங்கள் சிங்கப்பூர் பில்லைப் பற்றிச் சொல்லுங்கள்.” நியாயமான கோபம்தான்.

மெடிகேரின் 90 நாள் விதி நம் கட்டணச்சீட்டுக்குப் பொருந்தாது. இங்கே சுகாதார அமைச்சின் அறுவை சிகிச்சை அட்டவணை 1ஏ முதல் 7சி வரை பிரித்திருக்கிறது. மெடிசேவிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதை அந்தப் பிரிவு தீர்மானிக்கிறது. தனியார் துறையில் அறுவை மருத்துவர் கட்டணம் எந்த அளவில் இருக்கலாம் என்பதற்கான வழிகாட்டித் தொகைகளை அமைச்சு 2018-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வெளியிட்டது. பிறகு மயக்க மருந்து மருத்துவர் கட்டணத்துக்கும், மருத்துவமனையில் தங்கியிருக்கும்போது மருத்துவர் வந்து பார்ப்பதற்கான கட்டணத்துக்கும் வழிகாட்டித் தொகைகள் வந்தன. அறுவைக்கு ஒன்று, படுக்கையருகே வந்து பார்ப்பதற்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கிறது என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

மெடிஷீல்ட் லைஃபுக்கு மேல் தனியார் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த திட்டம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு நாள் கணக்கு உண்டு. மருத்துவமனையில் சேருவதற்கு முன் இத்தனை நாள், வீடு திரும்பிய பின் இத்தனை நாள் வரையிலான செலவைத் திருப்பித் தருவோம் என்று ஒப்பந்தத்தில் போட்டிருப்பார்கள். அந்த நாள் எண்ணிக்கை திட்டத்துக்குத் திட்டம் மாறும். இதை அமெரிக்கத் தொகுப்போடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே மருத்துவர் தனியாகக் கட்டணம் கேட்கமாட்டார். இங்கே மருத்துவர் கேட்பார், நாம் கட்டுவோம், பிறகு ஒப்பந்தத்துக்கு உட்பட்டுக் காப்புறுதியிடம் கோருவோம். ரசீதைத் தூக்கிப் போட்டால் பணம் போயிற்று.

இரண்டு நாட்டுக்கும் பொதுவான பாடம் ஒன்று இருக்கிறது. அறுவைக்கு நாள் குறிக்குமுன், மருத்துவமனையில் உத்தேசச் செலவைச் சொல்லும் நிதி ஆலோசனையின்போதே, இந்தக் கேள்விகளைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்:

1. இந்தத் தொகையில் அறுவைக்குப் பிறகு மருத்துவரைப் பார்க்கும் சந்திப்புகள் சேர்த்தியா? எத்தனை முறை, எத்தனை நாள் வரை?

2. தையல் பிரிப்பது, கட்டு மாற்றுவது சேர்த்தியா?

3. புண்ணில் சிக்கல் வந்து, குறித்த தேதிக்கு முன்பே வந்தால் கட்டணம் உண்டா?

4. மறுபடி அறுவைக்கூடம் போக நேர்ந்தால் கட்டணம் எப்படி?

5. என் மருத்துவர் ஊரில் இல்லாதபோது யார் பார்ப்பார்? அவருக்குத் தனிக் கட்டணமா?

6. காப்புறுதி ஒப்பந்தத்தில் வீடு திரும்பிய பின் எத்தனை நாள் வரை செலவைக் கோரலாம்?

மேடையில் இருந்த மருத்துவரிடம், “இப்படிக் கேட்டால் மருத்துவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். கேட்காமல் போய், பிறகு வராமலே இருந்துவிடும் நோயாளிகளைப் பற்றித்தான் தமக்குக் கவலை என்றார். கட்டணப் பிரிவில் இருந்தவர் இன்னொன்று சொன்னார். அறுவைக்கு முன் கேட்பவர்கள் மிகக் குறைவு, பில் வந்த பிறகு சண்டைக்கு வருபவர்கள்தான் அதிகம் என்றார். அரங்கில் இருந்தவர்கள் பலரும் தலையாட்டினார்கள்.

நம் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு குணம் உண்டு. தங்களுக்கு வலிப்பதைக்கூடப் பிள்ளைகளுக்குச் செலவு என்று கணக்குப் பார்ப்பார்கள். அதனால் இந்தக் கேள்விகளை அவர்கள் கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். அவர்களுக்காக நீங்கள் கேளுங்கள். பதிலை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். “இந்தத் தேதி வரைக்கும் எப்ப வேண்டுமானாலும் டாக்டரைப் பார்க்கலாம், பணம் ஏற்கெனவே கட்டியாச்சு” என்றால் அப்படியே எழுதுங்கள். கட்ட வேண்டியிருக்கும் என்றால், “எவ்வளவு ஆனாலும் நான் பார்த்துக்கிறேன், முதலில் போங்கள்” என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மருத்துவரின் தொலைபேசி எண்ணையும் சேர்த்துக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள்.

பெரியம்மா வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் இப்போது அப்படி ஒரு தாள் இருக்கிறது. ஒன்பது நாள் முன்னதாகவே அதை ஒட்டியிருக்கலாமே என்று அண்ணன் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.